அடிக்கக் கற்பித்த சார்லி லாவ்

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் உருளைக் கட்டையால் பந்தை அடிப்பது எளிதன்று. பத்து முறையில் மூன்று முறை வெற்றியாக அடிப்பவரே வல்லவர் எனப்படுவார். 1956 முதல் 1967 வரை மேஜர் லீக்கில் ஆடிய சார்லி லாவின் கணக்கோ நூற்றுக்கு 25 மட்டுமே. எனினும், 1962இல் நிற்கும் முறையை மாற்றியபோது அது 29 ஆக உயர்ந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்தார்.

1971இல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் குழுவின் அடித்தல் பயிற்றுநரானார். பின்காலில் தாங்கிய உடற்பாரம் வீச்சின்போது முன்காலுக்கு மாறுதல் வேண்டும், தலை அசையலாகாது, வீச்சை முழுதும் முடித்தல் வேண்டும் என்று கற்பித்தார். எளிதில் அடித்தவர்க்கு இவை தோன்றா; தடுமாறியவர்க்கே தோன்றும்.

1974இல் திணறிய இளைஞர் ஜார்ஜ் பிரெட் இவரிடம் பயின்றார். 1980இல் பிரெட்டின் கணக்கு நூற்றுக்கு 39! அப்போது லாவ் நியூயார்க் யாங்கீஸின் பயிற்றுநர். அவ்வாண்டு யாங்கீஸை வீழ்த்திய அடியும் பிரெட்டினுடையதே.