சாய்கதிரை படுக்கை அல்ல: இரவு ரயிலேறும் மாத்தளைக்காரர்களுக்கு

மாத்தளைப் பக்கத்தவர்கள் இரவு ரயிலில் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில்தான். படுக்கை என்று நினைத்துச் சாய்கதிரைக்குக் காசு கொடுப்பார்கள். இல்லையென்றால், வேறு யாரோ ஒருவருடைய அடையாள அட்டை எண்ணில் எடுத்த டிக்கட்டை ‘தெரிஞ்ச ஆள்’ ஒருவரிடம் கூடுதல் விலைக்கு வாங்குவார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் நீண்ட வார இறுதிகளிலும் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ஏமாந்தவர் யாரையோ திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். முறைப்பாடு மட்டும் எழுதுவதில்லை.

முதலில் எங்கே ஏறுவது என்று பார்ப்போம். 1880இல் வந்த பாதை மாத்தளை நகரோடு முடிந்துவிடுகிறது. இரவு மெயில் எதுவும் இங்கே வருவதில்லை. பதுளைக்குப் போகும் இரவு மெயிலைப் பிடிக்க, மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டைக்காரர்கள் பேராதனைச் சந்திக்குப் போக வேண்டும். தம்புள்ளைக்கு ரயிலே இல்லை. அங்குள்ளவர்களுக்கு மட்டக்களப்பு, திருகோணமலை ரயில்களுக்குக் கிட்டிய நிலையங்கள் ஹபரணையும் கெக்கிராவையும். கலேவெலக்காரர்களுக்கு குருநாகல் வசதி. கொழும்புக் கோட்டையில்தான் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அதே ரயிலில் பாதித் தூரம் திரும்பி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனிப் படுக்கை. இலங்கையில் படுக்கை என்றால் முதலாம் வகுப்புப் படுக்கைப் பெட்டிதான்: மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள் உள்ள சிறிய அறை. ‘ஸ்லீப்பரெட்’ என்பது பின்னால் சாயக்கூடிய கதிரை. பெயரில் தூக்கம் இருக்கிறதே தவிர முதுகை நீட்ட இடமில்லை. தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். அங்கே ஸ்லீப்பர் வகுப்பு என்றால் குறைந்த கட்டணத்தில் உண்மையான படுக்கை. அந்தக் கணக்கை இங்கே போடக் கூடாது. முழங்கால் நோவுள்ள அம்மாவையோ சத்திரசிகிச்சை முடிந்தவரையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கருமபீடத்தில் “படுக்கையா, கதிரையா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். எல்லா இரவு ரயிலிலும் படுக்கைப் பெட்டி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கருமபீடத்தில் இருப்பவர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை. பதில் சொல்வது அவருடைய வேலை.

திசையையும் பலர் யோசிப்பதில்லை. பதுளைக்கு ஏறும் இரவு மெயிலில் ஹட்டன், நானுஓயாத் தேயிலை மலைகள் எல்லாம் இருட்டிலேயே கடந்துவிடும். நேரத்துக்கு ஓடினால் பண்டாரவளை, எல்ல பக்கத்தில்தான் பொழுது விடியும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை இளவெயிலில் கடக்கலாம். பதுளையிலிருந்து இறங்கும் இரவு மெயிலோ மாலையில் புறப்படுவது. சற்று நேரத்தில் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். ஆகவே காட்சி வேண்டுமென்றால் போகும்போது இரவிலும் திரும்பும்போது பகலிலும் வாருங்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும்போது பத்தலேகலைப் பக்கப் பள்ளத்தாக்கு வலப்பக்கம், இறங்கும்போது இடப்பக்கம். கண்டிக்குள் நுழைந்து பதுளைக்குத் திரும்பும் ரயில்களில் இடம் வலமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காகக் கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள். சுரங்கமும் பாறைச் சுவரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மட்டக்களப்புப் பாதையில் காட்டுப் பகுதி வருகிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அப்பால் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன, பெட்டிகளும் தடம்புரண்டன. அங்கே மெதுவாக ஓட்டினால் சாரதியைத் திட்டாதீர்கள், மறுநாள் காலை வேலையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

இப்போது டிக்கட். ஆசனப்பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கும். ரயில்வே திணைக்களத்தின் இணையதளத்திலோ, கண்டி, கொழும்புக் கோட்டை போன்ற நிலையங்களின் முன்பதிவுக் கருமபீடத்திலோ எடுக்கலாம். எல்லவுக்கான ஒரு ரயிலின் டிக்கட்டுகள் 42 விநாடியில் தீர்ந்துவிட்டன என்ற செய்தி 2025 ஜனவரியில் நாட்டையே அதிரவைத்தது. விசாரணை நடந்தது, கைதுகளும் நடந்தன. அதன் பிறகு வந்த நிபந்தனை இது: பதியும்போது கொடுத்த அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு எண்ணும், பயணத்தில் நீங்கள் காட்டும் ஆவணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிக்கட் செல்லாது. உங்கள் எண் இல்லாத டிக்கட் உங்கள் டிக்கட் அல்ல. ‘ரயில் காட் ஒண்டும் கேட்க மாட்டார்’ என்று விற்கிறவர் உங்களோடு ரயிலில் வரப்போவதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தன. ஆகவே காசு கட்டுமுன், பாதை திறந்திருக்கிறதா, ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்திலோ ரயில்வேயின் 1971 இலக்கத்திலோ கேளுங்கள். ரயில் நின்றுபோனால் மூல டிக்கட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகே கையளியுங்கள். நிலைய அதிபரிடம் திகதியோடு ஒரு குறிப்பு எழுதித் தரக் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

படுக்கைக்குக் காசு கட்டிக் கதிரை கிடைத்தால் ரயிலிலேயே காட்டிடம் சொல்லுங்கள். பெட்டி எண், ஆசன எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம் போதும். முகவரி: பொது முகாமையாளர், ரயில்வே தலைமையகம், ஒல்கொட் மாவத்தை, கொழும்பு 10. டிக்கட்டின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பதிவுத் தபால் என்று இன்னொரு முறை சொல்கிறேன். சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு ‘பதில் வரேல்ல’ என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ‘சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1956 இலக்கத்திலும் சொல்லலாம்.

டிக்கட்டைக் கூடுதல் விலைக்கு விற்றவர் வெளியாள் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்து முறைப்பாட்டு எண்ணை வாங்குங்கள். காசு கேட்டவர் ரயில்வே ஊழியர் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இருக்கிறது. ஆனால் இலஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான்; கொடுத்துவிட்டு முறைப்பாடு செய்வதைவிட, கேட்டவுடனேயே சொல்வது நல்லது.

இவ்வளவுக்கும் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ரயில்வே திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதி இரண்டே கேள்வி கேளுங்கள்: அந்தத் திகதியில் அந்த ரயிலில் எத்தனை படுக்கைகள் பொதுமக்களுக்கு விடப்பட்டன? எத்தனை ஒதுக்கி வைக்கப்பட்டன, யாருக்கு? தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும்.