உங்களுக்குத் தெரியுமா? மதகை மூடிக் கிடந்த மும்மொழிக் கல்

இலங்கை வரலாற்றைக் கால்நடையாகப் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் காலிக் கோட்டையில் தொடங்குவார்கள். போர்த்துக்கீசியர் தொடங்கி, ஒல்லாந்தர் பலப்படுத்திய அந்தக் கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். ஆனால் காலி மண் தந்த பெரிய பொக்கிஷத்தைப் பார்க்க, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த கற்பலகை அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கப்பலில் கொண்டுவந்தது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. உச்சியில் இரண்டு டிராகன்கள். கீழே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். நம் எழுத்தைச் சீனாவிலேயே செதுக்கி, கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள்! தமிழ் அன்று இந்துமாக்கடல் வணிகத்தின் மொழிகளில் ஒன்று என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டுமா?

வியப்பு இன்னும் இருக்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரை, அதாவது திருமாலை. பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தத் தென்னாவரைதான் மாத்தறைக்கு அருகே உள்ள இன்றைய தேவேந்திரமுனை. அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588இல் இடித்தார்கள். கல்லைப் பார்த்த பிறகு அந்தக் கடற்கரைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கல்லில் பாரசீக எழுத்துகள்தான் அதிகம் தேய்ந்துபோயிருக்கின்றன. தமிழைச் சற்றுப் பொறுமையாக நின்றால் கண்ணால் தொடரலாம்.