கல்லீரலுக்கு எந்த விலங்கைக் கேட்பது?

புணே பல்கலைக்கழகச் சந்திப்பில் தொடங்குகிறது பாணேர் சாலை. அங்கே பல்கலைக்கழக வளாகத்துக்குள் தேசிய செல் அறிவியல் மையம் இருக்கிறது. ஆய்வுக்காக எலிகளையும் சுண்டெலிகளையும் வளர்க்கும் கூடம் அதில் உண்டு. அதே சாலையில் நெடுஞ்சாலைப் பக்கமாகப் போனால் பாணேரில் ஜூபிட்டர் மருத்துவமனை. அங்கே கல்லீரல் மாற்று அறுவை செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான். எலிக்கூண்டில் கண்டது அறுவை மேசைக்கு வந்து சேர மருத்துவத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

உயிரோடு இருக்கும் ஒருவர் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருகிறார் என்றால் அவர் வீட்டார் முதலில் கேட்பது, "வெட்டினது திரும்ப வளருமா டாக்டர்?" என்றுதான். வளரும் என்று மருத்துவர் தயங்காமல் சொல்வதற்குப் பின்னால் 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியில் செய்த சோதனை நிற்கிறது. எலியின் கல்லீரல் நம்முடையதைப் போல ஒரே கட்டியாகத் தெரியாது. இதழ் இதழாகப் பிரிந்திருக்கும். முன்னால் இருக்கும் பெரிய இதழ்களின் காம்பில் நூலைச் சுற்றி இறுக்கி வெட்டி எடுத்தால், மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அதிகம் ரத்தம் சிந்தாது. பத்து நாள் கழித்து வயிற்றைத் திறந்தால், மிச்சம் விட்ட இதழ்கள் பருத்து ஏறக்குறைய பழைய எடைக்கு வந்திருக்கும். வெட்டிய இடத்தில் புதிய இதழ் முளைப்பதில்லை, இருப்பதுதான் பெருக்கிறது. மனிதரிலும் அப்படியே, நாள் மட்டும் கூடுதலாகும். 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில், பித்தநாளக் குறையோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அதன் தந்தையின் கல்லீரல் துண்டைப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அது. தந்தையை மேசையில் படுக்க வைக்கும் துணிவு அந்த எலிகளிடமிருந்து தொடங்கியது என்பது என் எண்ணம்.

ஒரு விலங்கு சொல்வதை முழுதாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாய்களின் கதை இருக்கிறது. 1950களின் கடைசியில் பாஸ்டனில் பிரான்சிஸ் மூரும் சிகாகோவில் தாமஸ் ஸ்டார்ஸலும் நாய்களில் கல்லீரலை எடுத்து மாற்றிப் பழகினார்கள். பழைய கல்லீரலை எடுக்க, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையையும் கீழ்ப் பெருஞ்சிரையையும் கவ்வி அடைக்க வேண்டும். ஆரோக்கியமான நாய் இதைத் தாங்காது. ரத்தம் குடலில் தேங்கி, இதயத்துக்கு வராமல், சீக்கிரமே செத்துவிடும். அதனால் பிளாஸ்டிக் குழாய் வைத்து அந்த ரத்தத்தைக் கழுத்துச் சிரைக்குத் திருப்பி விட்டார்கள். 1963 மார்ச் 1 அன்று டென்வரில் ஸ்டார்ஸல் மூன்று வயதுக் குழந்தைக்கு உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்றைச் செய்தார். ரத்தப் பெருக்கில் குழந்தை மேசையிலேயே இறந்தது. அடுத்து வந்த நோயாளிகளில் சிலருக்கு, நாயைக் காப்பாற்றிய அந்தக் குழாயிலேயே ரத்தம் உறைந்து, கட்டிகள் நுரையீரலுக்குப் போய் அடைத்தன. ஆண்டுக்கணக்கில் சுருங்கிப்போன கல்லீரல் உள்ளவருக்கோ உடம்பே மாற்றுவழி நாளங்களை உண்டாக்கி வைத்திருக்கும். பலருக்குக் குழாயே தேவைப்பட்டிருக்காது. நோயில்லாத நாய் இதை எப்படிச் சொல்லும்? சில ஆண்டுகள் அறுவையையே நிறுத்தி வைத்தார்கள். 1967இல் கல்லீரல் பெற்ற ஒரு குழந்தைதான் ஓராண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தது. பின்னர் 1980களில், ரத்தத்தை உறையவிடாமல் பம்பு வைத்துத் தள்ளும் முறையைச் சோதித்துக் கொடுத்ததும் நாய்களே.

பன்றி வேறொரு விதமாகத் திகைக்க வைத்தது. கேம்பிரிட்ஜில் ராய் கான் பன்றிக்குப் பன்றி கல்லீரலை மாற்றியபோது, எந்த மருந்தும் இல்லாமல் பல பன்றிகளின் உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. 1969இல் அதை வெளியிட்டார். மனிதரிலும் அப்படி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நடக்கவில்லை. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பன்றி சொன்னதில் பாதி உண்மை இருந்தது: சிறுநீரகத்தைவிடக் கல்லீரலை மனித உடம்பு சற்று எளிதாகவே ஏற்கிறது.

அந்த ஏற்பின் ரகசியத்தைத் தேட எலிக்குத் திரும்பினார்கள். 1979இல் கமாடா என்ற ஜப்பானியர் ஒரு வழி கண்டார். எலியின் கல்லீரல் சுமார் பத்து கிராம். அதன் சிரையை நுண்ணோக்கியின் கீழ் தையல் போட்டு முடிப்பதற்குள் எலி இறந்துவிடக்கூடும். அவர் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் வளையத்துக்குள் சிரையை நுழைத்து, சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்பக்கம் மடித்து நூலால் கட்டினார். அதைப் பெறும் எலியின் சிரைக்குள் செருகி இன்னொரு கட்டு. சுமார் இருபது நிமிடத்துக்குள் ரத்தம் ஓடியாக வேண்டும். இந்த முறையில் கல்லீரல் தமனியை இணைக்காமலே விட்டார்கள், எலி பிழைத்தது. மனிதருக்குப் பொருத்திய கல்லீரலில் அந்தத் தமனி அடைத்தால் பித்தநாளங்கள் அழுகும். பல நேரம் மறுபடியும் வேறு கல்லீரல் தேட வேண்டியிருக்கும். எலிக்குப் பித்தப்பையே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பித்தநாளத் தொல்லைகளை எலியிடம் கேட்டுப் பயன் அதிகமில்லை. நோய் எதிர்ப்பைக் கேட்கலாம்.

இந்தியாவில் எந்த விலங்கைத் தொடலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. 1950களில் மாநிலங்களவையில் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் வந்த சட்டம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சிறு விலங்கில் தெரிந்துகொள்ள முடிவதற்குப் பெரிய விலங்கைத் தொடக் கூடாது. வெறும் கைத்திறன் பழகுவதற்காகச் சோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றே நடக்க வேண்டும். சட்டம் தடை போடுகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான கேள்வியாகவே படுகிறது: இந்த விலங்கு, இந்தக் கேள்விக்கு, நிஜமாகவே பதில் தருமா?

பன்றி தந்த பதில்களில் மிகவும் பயன்பட்டது கல்லீரலை உடம்புக்கு வெளியே வாழவைக்கும் கருவி. ஐஸ் பெட்டிக்குப் பதில், உடல் சூட்டில் ரத்தம் ஓடவிட்டுக் கல்லீரலை வேலை செய்ய வைப்பதை ஆக்ஸ்போர்டில் பன்றிக் கல்லீரல்களில் பல ஆண்டு பார்த்தபின், 2013இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அப்படிக் காத்த மனிதக் கல்லீரலை நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

இப்போது பன்றியே கொடையாளியாக வந்து நிற்கிறது. 2024 மார்ச்சில் சீனாவின் சியான் நகரில், ஆறு மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் கல்லீரலை மூளைச்சாவு அடைந்த ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவருடைய கல்லீரலையும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். பத்தாம் நாள், குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி சோதனையை முடித்தார்கள். அதுவரை பன்றிக் கல்லீரலில் ரத்தம் ஓடியது, பித்தம் சுரந்தது. மனிதக் கல்லீரல் சுரக்கும் அளவுக்கு இல்லை.