வத்தல் விதையில் மிளகாய்ச் செடி: முளைக்கிறது சரி, ஏன் காய்ப்பதில்லை?

காய்ந்த மிளகாய் ஒன்றைக் கிள்ளி, விதையைத் தொட்டியில் தூவிவிட்டால் பத்து, பன்னிரண்டு நாளில் பச்சையாகத் தலை நீட்டிவிடுகிறது. படம் எடுத்து ஸ்டேட்டஸும் போட்டாயிற்று. மூன்று மாதம் கழித்து அதே தொட்டியைப் பார்த்தால் கதையே வேறு. ஒன்று, செடியே இருக்காது. இருந்தால் இலையெல்லாம் சுருண்டு கிடக்கும். அதுவும் இல்லையென்றால் பூத்த பூவெல்லாம் தரையில் உதிர்ந்து கிடக்கும். கடைசியில் 'நமக்குக் கைராசி இல்லை' என்று தொட்டி பால்கனி மூலைக்குப் போய்விடும்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிளகாயில் முளைக்க வைப்பதுதான் சுலபமான வேலை. செடி சறுக்குவது அதற்குப் பிறகு வரும் மூன்று இடங்களில்.

எந்த விதை நல்லது?

ஃப்ரிட்ஜில் இருக்கும் பச்சை மிளகாயின் விதை முற்றாதது. அதை நம்ப வேண்டாம். செடியிலேயே சிவந்து பழுத்த பழத்தின் விதைதான் சரி. வத்தல் விதையும் முளைக்கும், ஆனால் பழைய சரக்கு என்றால் முளைக்கும் சக்தி குறைந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரமான டிஷ்யூ பேப்பரில் மடித்து, மூடிய டப்பாவில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம். பாதிகூட வேர் விடவில்லை என்றால் வேறு விதை தேடுவது நல்லது.

இன்னொரு சிக்கல், சந்தைக்கு வரும் மிளகாயில் ஹைபிரிட் ரகங்கள் நிறைய. அவற்றின் விதை முளைக்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரியே காய்க்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. கோவில்பட்டியில் உருவான கே1, கே2, பெரியகுளத்தின் பி.கே.எம்.1 போன்ற ரகங்களோ, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மாதிரியான நாட்டு ரகமோ கிடைத்தால் அடுத்த தலைமுறைக்கும் விதை எடுக்கலாம்.

விதைதான் காரம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் காரம் உருவாவது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையில். அந்தக் காரம் நம்மை மாதிரி பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைகளுக்கு உறைக்காது. பழத்தைத் தின்ற பறவை விதையை உடைக்காமல் வேறு இடத்தில் எச்சமிட்டுப் போகும். யாரும் விதைக்காத மொட்டைமாடித் தொட்டியில் திடீரென மிளகாய்ச் செடி நின்றால், பெரும்பாலும் அது ஏதோ ஒரு பறவையின் உபயம்.

எப்போது விதைப்பது?

ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர் என மூன்று பருவங்கள் தமிழ்நாட்டில் மிளகாய்க்கு உண்டு. மாடியில் வளர்ப்பவர்களுக்கு ஜனவரிப் பட்டம் கொஞ்சம் கஷ்டம். பூக்கும் நேரத்தில் சித்திரை வெயில் வந்து நிற்கும். ஜூன், ஜூலை வசதியானது. செப்டம்பரில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை நாற்றை அடித்துப்போகாமல் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும்.

விதையை அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்க வேண்டியதில்லை. தேங்காய் நார்த்தூளில் (அதுதான் கோகோபீட்) விதைப்பவர்கள் அதை முதலில் இரண்டு, மூன்று தடவை தண்ணீரில் அலசிவிடுவது நல்லது. அதில் இருக்கும் உப்பு பிஞ்சு வேருக்கு ஆகாது. முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும்.

முதல் சறுக்கல்: ஒரே ராத்திரியில் சாயும் நாற்று

நேற்று மாலை நன்றாக நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். மண்ணை ஒட்டிய தண்டு மட்டும் மெலிந்து, கறுத்திருக்கும். இதுதான் நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சான்களின் வேலை. ஆனால் அதற்கு வழி திறந்துவிடுவது நாம் பாசத்தோடு ஊற்றும் தண்ணீர். விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர் தெளிப்பது, நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுவது, தொட்டிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்கவிடாமல் பார்ப்பது, இவ்வளவு போதும். விதைக்கும் முன் மண்கலவையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு.

35 முதல் 40 நாள் ஆன நாற்றை மாலை நேரத்தில் 12 அங்குலப் பைக்கு மாற்றலாம். ஒரு பைக்கு ஒரு செடி. செம்மண், மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், நார்த்தூள் மூன்றும் சம அளவு இருந்தால் நன்றாக வரும். ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் செடி வளரும், காய்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது: சுருளும் இலை

பெரும்பாலான மிளகாய்ச் செடிகள் தோற்பது இங்கேதான். இலை சுருண்டதும் 'நோய் வந்துவிட்டது' என்று கையில் கிடைத்த மருந்தை அடிக்கிறார்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, இலை படகு மாதிரி இருந்தால் அது இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் பொடிப்பொடியாக நெளிவது தெரியும். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு மட்டும் நீளமாகத் தெரிந்தால் சிலந்திப்பேன். இது பூச்சி இனமே இல்லை, சிலந்தியின் சொந்தக்காரர். அதனால்தான் சாதாரணப் பூச்சிமருந்து பல நேரம் இதனிடம் பலிப்பதில்லை.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இரண்டுக்கும் வேப்பெண்ணெய் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலங்குவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தணிந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடிப்பது வீண், அவை குடியிருப்பது கீழே. வாரம் ஒருமுறை, மூன்று வாரம். சிலந்திப்பேன் மட்டும் அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகத்தூள் கேட்கும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகிவிடும்.

மூன்றாவது வகைதான் மனதைக் கஷ்டப்படுத்துவது. புது இலைகள் குட்டிக்குட்டியாக, நெருக்கமாக, மஞ்சள் ஓடி முறுக்கிக்கொண்டு வரும். செடி வளர்வதையே நிறுத்திவிடும். இது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. இலையைக் கிள்ளினாலும், உரம் போட்டாலும் திரும்பாது. விதையிலிருந்து வளர்த்த செடியைப் பிடுங்க யாருக்கும் கை வராது. ஆனால் அதை விட்டுவைத்தால் அங்கிருந்து வெள்ளை ஈ பக்கத்துத் தொட்டிக்கும் வைரஸைக் கொண்டுபோகும். ஒரு பையில் கட்டி வெளியேற்றுவதுதான் வழி. மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்திருப்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மூன்றாவது: உதிரும் பூ

கொஞ்சம் பூ உதிர்வது இயல்பு, பதற வேண்டாம். எல்லாமே உதிர்ந்தால் வெயில், தண்ணீர், உரம் என்ற வரிசையில் பார்க்கலாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் குளிராமல் இருந்தால் செடி பூவைக் கழித்துவிடும். மதியத்துக்கு மட்டும் நிழல்வலை போட்டால் போதும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுவதும் பூவுக்கு ஆகாது. யூரியா அதிகம் போட்டால் இலை கருகருவென்று வரும், காய் வராது.

கொசுவலை அடித்த பால்கனியில் இன்னொரு குறை உண்டு. மிளகாய்ப் பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனால் மகரந்தம் உதிர ஒரு அசைவு வேண்டும். காற்றும் தேனீயும் வராத இடத்தில், காலையில் காபி குடிக்கும்போது செடியை விரலால் நாலு தட்டு தட்டிவிடலாம்.

நடவு செய்து இரண்டரை, மூன்று மாதத்தில் பச்சைக் காய் பறிக்க ஆரம்பிக்கலாம். பறிக்கப் பறிக்கச் செடி மறுபடி பூக்கும். திடமாக இருக்கும் ஒரு செடியில் மட்டும் இரண்டு காயைச் சிவக்கும்வரை விட்டுவைத்து, நிழலில் உலர்த்தி, விதையைக் காகித உறையில் எடுத்து வைக்கலாம். விதை எடுத்த கையோடு கண்ணைத் தொடக் கூடாது. காரம் வெறும் தண்ணீரில் போகாது. முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.