மாதம் 992 யூரோ

ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட். காலிஃப்ளவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த மாணவர் திரும்ப வைத்துவிட்டார். விலை 2 யூரோ 49 சென்ட். கரூர் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து முதுகலை படிக்க வந்தவருக்கு, அது மனசுக்குள் கிட்டத்தட்ட 250 ரூபாயாக மாறிவிட்டது. “கன்வர்ட் பண்ணிப் பார்க்காதடா, பார்த்தா பட்டினிதான் கிடப்ப” என்று சீனியர்கள் விமானம் ஏறும் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். முதல் மாதத்தில் யாராலும் அதைக் கேட்க முடிவதில்லை.

இவரைப் போல ஆயிரக்கணக்கானோர் அங்கே போகிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 49,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். முக்கியமான காரணம், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. விதிவிலக்கும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பருவக் கட்டணம் என்ற சிறு தொகையோடு முடிந்துவிடும்.

ஆனால், ‘இலவசப் படிப்பு’ என்று விளம்பரம் செய்யும் ஏஜென்டுகள் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது: பிளாக்டு அக்கவுண்ட். ஓர் ஆண்டுச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறது என்று காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 12 லட்சம். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். இந்த மாணவரின் வீட்டுப் பத்திரம் இப்போது வங்கியில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் கட்டிய பணம் முழுக்க அவருடையதுதான். ஆனால், மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும்.

சிக்கல் அந்த 992-இல் இல்லை. சிக்கனமாக இருந்தால் டார்ட்மண்ட் மாதிரி ஊரில் அதற்குள் வாழலாம். உண்மையான நெருக்கடி முதல் மூன்று மாதங்களில் வருகிறது; கடன் வாங்கும்போது குடும்பங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாததும் அதைத்தான்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், ‘ஆன்மெல்டுங்’ என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் பல வங்கிகள் அந்தப் பதிவைக் கேட்கும். கணக்கு இருந்தால்தான் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து பணம் இறங்கும். வீடு கிடைக்காவிட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே நின்றுவிடும். மாணவர் விடுதிக்கோ காத்திருப்போர் பட்டியல் நீளம். இவர் ஐந்து வாரம் ஒரு சீனியரின் அறையில் தரையில் படுத்திருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த 800 யூரோ மூன்றாவது வாரத்தில் தீர்ந்தது.

அதன்பிறகு பகிர்வு வீட்டில் ஓர் அறை கிடைத்தது. முன்பணமாக மூன்று மாத வாடகையை ஒரே தடவையில் கேட்டார் வீட்டுக்காரர். நண்பர்களிடம் கடன் வாங்கிக் கட்டினார். மின்சாரம், வெப்பமூட்டல் எல்லாம் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்று ஜெர்மன் சட்டத்திலேயே இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்தபோது கட்டி முடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. விசா விண்ணப்பத்தைப் பத்துத் தடவை சரிபார்க்கும் ஆலோசகர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இவர் அன்று கடன்பட்டிருக்க மாட்டார்.

மாதக் கணக்கில் முதலில் கழிவது மருத்துவக் காப்பீடு: 140 யூரோவுக்கு மேல். வாடகை போனபின் மிச்சத்தில்தான் சாப்பாடு. மென்சா என்ற பல்கலைக்கழக உணவகத்தில் மூன்று, நான்கு யூரோவுக்கு மதியம் வயிறு நிறையும். இரவுக்கு ஊரிலிருந்து சுமந்து வந்த மூன்று லிட்டர் குக்கர். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் கிடைக்கும். அறையின் மூலையில் அதற்கென்றே ஒரு பை தொங்குகிறது. பை நிறைந்தால் ஒரு வாரத்துக்குப் பால் வாங்கலாம்.

கறிவேப்பிலையும் இடியாப்ப மாவும் ஈழத்தமிழர் கடையில் கிடைக்கின்றன. “தம்பி, இந்தியாவிலயிருந்து படிக்கவோ வந்தனீங்கள்?” என்று கேட்ட கடைக்கார அம்மா, வெங்காயத்தோடு இரண்டு பச்சை மிளகாய்ப் பொட்டலத்தைச் சும்மா போட்டுக் கொடுத்தார். பக்கத்து ஊரான ஹாமில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. மாணவர் பயண அட்டை இருப்பதால் அங்கே போய்வர ரயில் செலவு கிடையாது. தேர்த் திருவிழா அன்று அன்னதான வரிசையில் நின்றபோதுதான், ஊரை விட்டு வந்தபின் முதன்முதலாக யாரோ இலை நிறையப் பரிமாறினார்கள் என்கிறார்.

வேலை செய்யலாம். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. முதல் பருவத்தில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் போனார். காலை எட்டரை மணி வகுப்பில் தூங்கினார். ஒரு பாடம் போயிற்று. இரண்டாம் பருவத்தில் பேராசிரியர் ஒருவரிடம் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் அந்த வேலை, அனுமதி நாள் கணக்கில் சேராது. மொழி ஓரளவு வந்திருந்ததால் கிடைத்த வேலை அது. புறப்படும் முன் ஊரில் ஆறு மாதம் ஜெர்மன் படிக்கக் கட்டிய பணத்தைத்தான் குடும்பத்தின் உருப்படியான செலவு என்று அவர் இப்போது சொல்கிறார்.

கடந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு டார்ட்மண்ட் ரயில் நிலையத்தில் நின்றிருந்தார். ஈரோட்டிலிருந்து ஒரு ஜூனியர் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் திறக்காது. அதற்கு முந்தைய வருடம் அது தெரியாமல் வந்திறங்கி, முதல் நாள் முழுக்க விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டோடு இவர் ஓட்டியிருக்கிறார். கையிலிருந்த பையில் இரண்டு கிலோ அரிசி, துவரம்பருப்பு, ஆறு முட்டை, ஒரு போர்வை. ரயில் இருபது நிமிடம் தாமதம். ஜூனியருக்கு வாட்ஸ்ஆப்பில் தட்டினார்: “நடைமேடையிலேயே நில்லு தம்பி, வர்றேன்.”