பெயர் இல்லாத காட்டுக் கொடி!

ஒரு செடியின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்? "ஒன்றும் ஆகாது" என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் ஆப்பிரிக்கக் காட்டில் படர்ந்திருந்த ஒரு கொடியின் விஷயத்தில், அந்தத் தவறு விஞ்ஞானிகளைத் திண்டாட வைத்துவிட்டது. ஒரு முறை கைக்கு எட்டிய மருந்துச் சரக்கு, மறுபடி தேடியபோது கிடைக்கவில்லை!

கடைசியில் உண்மை தெரிந்தது. அது யாரும் அதுவரை பெயரிட்டு எழுதி வைக்காத புதுக் கொடி!

கொட்டும் மழை

ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குப் பக்கத்தில் கேமரூன் என்ற நாடு இருக்கிறது. அதன் தென்மேற்கு மூலையில், நைஜீரியா நாட்டின் எல்லையை ஒட்டி, கோருப் என்ற பெரிய காடு உண்டு. பரப்பு சுமார் 1,260 சதுர கிலோ மீட்டர். 1986-ம் ஆண்டில் இது தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது.

அங்கே பெய்யும் மழை கொஞ்சநஞ்சம் அல்ல. காட்டின் தென் பகுதியில் ஒரு வருடத்தில் 5,000 மில்லி மீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் ஓடாமல் அப்படியே நின்றால் மூன்று ஆள் ஆழம் இருக்கும்!

மரங்கள் நெருங்கி வளர்ந்து கூரை போட்டது போல மூடிக்கொண்டிருப்பதால், தரையில் வெயில் விழுவது அபூர்வம். வெளிச்சம் வேண்டும் என்றால் மேலே போக வேண்டும். கொடிகளுக்குத் தானாக நிமிர்ந்து நிற்கும் வலு ஏது? மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றன.

நாம் சொல்ல வந்த கொடிக்கு அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. அதன் சிறு கிளைகளின் நுனி, தூண்டில் முள்ளைப் போல வளைந்திருக்கும். இந்தக் கொக்கியைப் பக்கத்து மரத்தில் மாட்டி மாட்டி, அது உச்சிக்குப் போய்விடுகிறது. இலைகள் எல்லாம் அங்கேதான். கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் தண்டுதான்.

இலையைத் தேடிப் போனார்கள்

1981-ம் ஆண்டில் எய்ட்ஸ் என்ற வியாதி முதன் முதலாக வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மருந்து தெரியாமல் டாக்டர்கள் கை பிசைந்தார்கள். 1987-ல்தான் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அதுவும் வியாதியைத் தீர்க்கும் மருந்து அல்ல.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒரு வேலையைத் தொடங்கியது. வெப்ப நாடுகளின் காடுகளில் உள்ள செடி கொடிகளைச் சேகரித்து, புற்றுநோய்க்கும் எய்ட்ஸுக்கும் மருந்து கிடைக்குமா என்று பரிசோதிப்பதுதான் அந்த வேலை. ஆப்பிரிக்காவில் சேகரிக்கும் பொறுப்பை மிசௌரி தாவரத் தோட்டம் ஏற்றுக்கொண்டது.

1987-ம் ஆண்டில் டங்கன் தாமஸ் என்ற தாவர நிபுணர் கோருப் காட்டில் பல செடிகளைச் சேகரித்தார். அவற்றில் இந்தக் கொக்கிக் கொடியும் ஒன்று.

இப்படிச் சேகரிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. இலைகளைக் காய வைத்துப் பையில் போட்டு ஆராய்ச்சிக்கு அனுப்புவார்கள். கூடவே, அதே செடியின் ஒரு கிளையைக் காகிதத்தில் வைத்து அழுத்திக் காய வைத்து, நம்பர் போட்டுப் பத்திரப்படுத்துவார்கள். பிற்பாடு "எந்தச் செடி?" என்று சந்தேகம் வந்தால், எடுத்துப் பார்க்கலாம் அல்லவா?

சோதனைக் குழாயில் ஜயம்

கொடியின் சாறு பரிசோதனைக்கு வந்தது. எய்ட்ஸ் கிருமி மனிதனின் வெள்ளணுக்களைக் கொல்லும். அந்த அணுக்களோடு இந்தச் சாற்றைச் சேர்த்தபோது அவை சாகாமல் பிழைத்தன!

சாற்றில் இருந்த சரக்கைப் பிரித்து எடுத்தார்கள். அதற்கு 'மிச்செல்லமைன் பி' என்று பெயர் வைத்து, 1991-ல் விவரத்தை வெளியிட்டார்கள். எய்ட்ஸை உண்டாக்கும் இரண்டு வகைக் கிருமிகளையும் அது தடுத்தது.

மேலும் ஆராய நிறைய இலை வேண்டும். "கொண்டு வாருங்கள்" என்றார்கள். இங்கேதான் வந்தது வம்பு.

ஆள் மாறாட்டம்!

கொக்கிக் கொடிகளில் சுமார் 20 வகைகள் உண்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வளர்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வகை இருக்கிறது. இலங்கையிலும் அதற்கே உரிய ஒரு வகை இருக்கிறது.

கோருப் கொடியை முதலில் பார்த்தவர்கள், ஏற்கெனவே தெரிந்த ஓர் ஆப்பிரிக்க வகைதான் இது என்று நினைத்து அந்தப் பெயரையே எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே அந்த வகையைத் தேடிப் பறித்து வந்தார்கள். பரிசோதித்தார்கள். மருந்தைக் காணோம்! மற்றக் கொக்கிக் கொடிகளையும் சோதித்தார்கள். அவற்றிலும் அந்த மருந்துக் குணம் இல்லை.

கீழாநெல்லி வேண்டும் என்று கேட்டவருக்கு அதே சாயலில் உள்ள வேறு செடியைப் பிடுங்கிக் கொடுத்தால் வியாதி தீருமா? அந்தக் கதைதான் இது.

முதன் முதலில் எடுத்த கொடியையே திரும்பவும் ஆராய்ந்தார்கள். தெரிந்த வகைகளோடு ஒத்துப் பார்த்தார்கள். எதிலும் அடங்கவில்லை. ஆக, அது தனி வகை!

டங்கன் தாமஸும், ராய் ஜெரோ என்ற நிபுணரும் சேர்ந்து 1993-ல் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார்கள். 'அன்சிஸ்ட்ரோகிளாடஸ் கோருப்பென்சிஸ்' என்பது அந்தப் பெயர். வாயில் நுழையவில்லையா? அர்த்தம் சுலபம். முதல் சொல்லுக்குக் 'கொக்கிக் கிளை' என்று பொருள். அடுத்தது, கோருப் காட்டில் பிறந்தது என்று ஊரைச் சொல்கிறது.

உதிர்ந்த இலை உதவியது

பெயர் தெரிந்தவுடன் அடுத்த கவலை வந்தது. இந்தக் கொடி கோருப் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான் இருக்கிறது. இலைக்காக உச்சியில் இருக்கும் கொடியை வெட்டித் தள்ளினால் சில வருடங்களில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுமே!

நல்ல வேளையாக ஒரு வழி பிறந்தது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த இலைகளிலும் மருந்துச் சரக்கு இருப்பது தெரிந்தது. கொடியை வெட்டாமல், விழுந்த இலைகளைப் பொறுக்கியே ஆராய்ச்சிக்கு வேண்டியதைச் சேர்த்துவிட்டார்கள். கொடியைப் பயிராக்க முடியுமா என்ற முயற்சியும் நடந்தது. அதை வேறு நாட்டுக்குக் கொண்டு போகாமல், கேமரூனிலேயே, காட்டை ஒட்டி வாழும் மக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தினார்கள்.

மருந்து ஆயிற்றா?

இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மருந்து நரம்புகளைத் தாக்கியது. கிருமியை அடக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ, ஏறக்குறைய அதே அளவில் விஷமும் ஏறியது. மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்து, அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வேறு வழியில் விடிவு வந்தது. 1996 முதல் சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. இப்போது ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்கள் நெடுங்காலம் வாழ்கிறார்கள்.

கோருப் கொடியில் வேறு சரக்குகளும் உண்டு. அவற்றில் சில, பரிசோதனைச் சாலையில் மலேரியாக் கிருமியைக் கொன்றன. அவையும் இன்னும் கடைக்கு வரும் மருந்து ஆகவில்லை.

பெயர் வைப்பதன் பயன்

உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 2,000 தாவரங்களுக்குப் புதிதாகப் பெயர் வைக்கிறார்கள். இன்னும் பெயர் வைக்காதவை எத்தனையோ. அவற்றில் நாலில் மூன்று பங்கு அழியும் ஆபத்தில் இருக்கக்கூடும் என்று லண்டனில் உள்ள க்யூ தாவரத் தோட்டத்தார் 2023-ல் எச்சரித்தார்கள்.

பெயர் இல்லாத செடியைக் காப்பாற்று என்று யாரிடம் சொல்வது? எதைத் தேடுவது? எதை வளர்ப்பது? 1987-ல் கோருப் காடு வெட்டப்பட்டிருந்தால், இந்தக் கொடி இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. அதன் குணமும் தெரிந்திருக்காது, குற்றமும் தெரிந்திருக்காது. காட்டுக்குக் காவல் இருந்ததால் கொடி பிழைத்தது. காய்ந்த கிளை ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்ததால் அதற்குப் பெயரும் கிடைத்தது.