ஈரப் பாதம் கற்பிக்கும் பாடம்

எலும்பு மண்டலம் பற்றிய பாடத்தில் 206 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும், மாணவர்களைத் தங்கள் பாதங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், இரண்டிலும் 52. உடலிலுள்ள எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பாதங்களிலேயே இருக்கிறது.

அடுத்து ஒரு செயல்பாடு. காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் பதிக்க வேண்டும். பல தடங்களில் உட்பக்கம், நடுவில் ஈரம் படாத இடைவெளி தெரியும். அதுதான் உட்பக்க நீள்வளைவு. வெளிப்பக்க நீள்வளைவு தாழ்வானது. மூன்றாவது, பாதத்தின் குறுக்கே அமைந்த வளைவு.

இவ்வளவு எடையைத் தாங்கியும் வளைவு ஏன் சரிவதில்லை? வில்லை உதாரணமாகச் சொல்வேன். எலும்புகள் வில், குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதிவரை செல்லும் தடித்த நார்ப்பட்டை நாண். நிற்கும்போது கால் கட்டைவிரலைக் கையால் மேலே தூக்கினால், நாண் இறுகி வளைவு உயரும்.

கீழ்க்காலும் இதற்குத் துணை. அங்கே இரண்டு எலும்புகள். பருத்த டிபியா எடையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. மெல்லிய ஃபிபுலாவைப் பல தசைகள் பற்றியிருக்கின்றன. இவற்றின் பின்புறத்தில் தொடங்கும் ஒரு தசையின் நாண், உள்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி, உட்பக்க வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது.

சில தடங்களில் இடைவெளியே இராது. உடனே ‘தட்டைக்கால்’ என்று பட்டப்பெயர் கிளம்பும். அப்படிக் கேலிக்கு ஆளான ஒரு மாணவி, ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் தர மறுத்தாள். நான் வகுப்பு முழுவதையும் நுனிக்காலில் நிற்கச் சொன்னேன். அவள் பாதத்திலும் வளைவு எழுந்தது. அதை முதலில் கண்டு சொன்னவள் அவளுடைய தோழிதான். கேலி அடங்கியது; அவள் பெயரும் பட்டியலில் சேர்ந்தது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. பெரும்பாலோருக்குச் சுமார் 10 வயதுக்குள் வளைவு உருவாகிவிடும். சிலருக்கு வளர்ந்த பின்னும் தட்டையாகவே இருக்கலாம். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு எழுந்து, வலியும் இல்லையென்றால், பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. விளையாட்டிலிருந்து விலக்கவும் வேண்டாம்.

வலி, நுனிக்காலில் நின்றும் எழாத விறைப்பான பாதம், ஒரு காலில் மட்டும் தட்டை, நடையில் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பெற்றோரிடமும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் தனியாகத் தெரிவியுங்கள். வகுப்பின் முன் அந்தக் குழந்தையின் தடத்தைக் காட்ட வேண்டாம்.